அடைமொழியின் பொறுப்பு

ஒரு பெயருக்கு முன்னே அடைமொழி எப்பொழுது வேண்டப்படுகின்றது என்னும் வினா தமிழிலக்கணத்திற்குப் பழையது. உலகிலுள்ள தாமரை யாவும் ஒரே நிறத்தனவாயின் செந்தாமரை என்று சொல்லவேண்டிய தேவை எழுந்திராது. வெண்டாமரை என்று இன்னொன்று இருப்பதனாலேயே செம்மை என்னும் பண்பு பெயரோடு சேர்ந்து, கேட்போன் மனத்திலிருந்து மற்றையதை விலக்குகின்றது. ஞாயிறோ ஒன்றே. ஆதலின் செஞ்ஞாயிறு என்பதிலுள்ள அடை எதனையும் விலக்குவதில்லை; பெயருக்கு அழகு செய்து நிற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கண்ட தொல்காப்பியர், இனமில்லாத பொருளுக்குப் பண்பை அடையாகக் கொடுத்தல் உலகவழக்கிற்குரியதன்று, செய்யுளுக்கே உரியது என்று கிளவியாக்கத்திலே வரையறுத்தார். பின்வந்த பவணந்தி முனிவர், பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன்வழி வரும் அடைமொழிகள் இனமுள்ளனவாகவும் இனமில்லனவாகவும் வரும் என்று நன்னூலிற் கூறி, அவ்வரையறையைச் சற்று நெகிழ்த்தினார்.

பரீட்சைக்காக இவ்விதியைப் படிக்கும் மாணவர் பலர், பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிடுவர். இரு பொருள்களைப் பிரித்தறிவதற்குச் சொல்லிலே என்ன வேண்டும் என்பது புலவருக்கு மாத்திரம் உரிய கவலையாக அவர்களுக்குத் தோன்றுவதும் இயல்பே. ஆயின் இதே வினா, 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, தமிழிலக்கணத்தை அறியாத ஒரு கூட்டத்தாரிடையே புதிதாக எழுந்தது. அவர்கள் கணினி நிரல் எழுதுவோர். ஒன்றிலிருந்து மற்றையது பிறந்தது என்று இங்கே கூறப்படவில்லை. இடர்ப்பாடு ஒன்றாக இருந்தமையால் விடையும் ஒத்துக் காணப்பட்டது என்பதே கூறத்தக்கது. அவ்விடையின் இயல்பை நோக்கின், அடைமொழி என்பது அழகும் வசதியும் மாத்திரம் அன்று, எழுதுவோன் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொறுப்பும் ஆகும் என்பது புலனாகும்.

பெரிய மென்பொருள் ஒன்று ஒரே துண்டாக எழுதப்படுவதில்லை. கணக்குப் பார்ப்பதற்கு ஒரு கூறு, தரவைச் சேமிப்பதற்கு ஒரு கூறு, செய்தி அனுப்புவதற்கு ஒரு கூறு எனப் பல கூறுகள் சேர்ந்தே அது இயங்கும். ஒவ்வொரு கூறும் தன் தொழிலைச் செய்வதற்கு வேறு சில கூறுகளின் துணையை வேண்டிநிற்கும். அத்துணைகளை அது தானே தேடி உருவாக்கிக்கொள்ளுமாயின், ஒன்றை மாற்றும்போது அதனைச் சார்ந்த எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும். இதனைத் தவிர்ப்பதற்குக் காணப்பட்ட வழி எளியது. கூறு தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். வெளியே உள்ள ஒரு சட்டகம் அதனைத் தேடிக் கொண்டுவந்து உள்ளே புகுத்தும். றொட் ஜோன்சன் என்பவர் 2002இல் வெளியிட்ட நூலோடு வந்த நிரல்களிலிருந்தே ஸ்பிறிங் என்னும் சட்டகம் வளர்ந்தது. அதன் முதலாவது முழுப்பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது. இவர் இசையியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பது கலைப்பீடத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். அதே ஆண்டு சனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரையொன்று இம்முறைக்கு 'டிப்பென்டன்சி இன்ஜெக்சன்' என்னும் பெயரை நிலைநிறுத்தியது. சார்ந்து நிற்பனவற்றைப் புறத்திலிருந்து புகுத்துதல் என்பது அதன் பொருள்.

கலியாண வீட்டுச் சமையற்கட்டை எண்ணிப் பார்த்தால் இம்முறை எளிதில் விளங்கும். தலைமைச் சமையற்காரர் அடுப்பை விட்டு அகலுவதில்லை. பால் வேண்டும் என்று குரல் கொடுப்பார். சாமான்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். அப்பால் எந்த வீட்டிலிருந்து வந்தது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பனவெல்லாம் சமையற்காரர் அறியவேண்டியனவல்ல. அவருக்கு வேண்டியது பால் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள். மென்பொருளிலே இப்பொறுப்பாளரின் தொழிலைச் செய்வதைக் கொள்கலன் என்று வழங்குவர். அது கையாளும் கூறுகளை ஸ்பிறிங்கிலே 'பீன்' என்பர். ஜாவா என்னும் நிரல்மொழியின் பெயர் கோப்பியை நினைவூட்டுவது. ஆதலின் அதன் கூறுகள் கோப்பிக்கொட்டைகளாயின.

பொறுப்பாளரிடம் பசுப்பால் மாத்திரம் இருக்கும்வரை பால் என்ற ஒரு சொல்லே போதும். தேங்காய்ப்பாலும் பிழிந்து வைக்கப்பட்ட பின்னரோ அச்சொல் போதாது. தேங்காய்ப்பால் என்று சொன்னாலும் ஐயம் முற்றாக நீங்குவதில்லை. கறி கொதிக்கும்போது விடுவது இரண்டாம்பால்; சொதியை இறக்குந் தறுவாயில் விடுவது முதற்பால். ஆகவே எதன் பால், எத்தனையாவது பிழிவு என்னும் இரண்டு பண்புகளும் சேர்ந்தே வேண்டிய பாத்திரத்தைச் சுட்டுகின்றன. முதற்பொருட் பெயரொன்று இரண்டு அடைகளை ஏற்று வருதல் உலகவழக்கிற்கும் உரியது என்று நன்னூல் இசைவு தருவதும் இத்தகைய தேவையை நோக்கியே எனலாம். மனைச்சிறுகிணறு என்னும்போது இடமும் அளவும் சேர்ந்தே குறித்த ஒரு கிணற்றைக் காட்டுகின்றன.

ஒரே இனத்தைச் சேர்ந்த கூறுகள் இரண்டு இருக்கையில், அடை எதுவும் இன்றி அவ்வினத்தின் பெயரால் ஒன்று கேட்கப்பட்டால், கொள்கலன் என்ன செய்யும்? இங்கேதான் இச்சட்டகங்களின் சிறந்த பண்பு வெளிப்படுகின்றது. வேறு குறிப்பு எதுவும் கிடையாதபோது அது ஊகிப்பதில்லை. முன்னே எழுதப்பட்டதையோ அகரவரிசையில் முந்தியதையோ எடுத்துக் கொடுத்துவிட்டு வாளாவிருப்பதில்லை. ஒன்றை எதிர்பார்த்த இடத்தில் இரண்டு காணப்பட்டன என்று அவற்றின் பெயர்களோடு அறிவித்துவிட்டு, முழு மென்பொருளையும் தொடங்க மறுத்துவிடும். வேலை அவசரத்தில் இருக்கும் நிரலாளருக்கு இம்மறுப்பு எரிச்சலூட்டுவதாகும். ஆயினும் ஐயமுற்றவிடத்துக் கேட்டுத் தெளிதல் நல்லறிவின் இலக்கணம் அன்றோ?

ஐயத்தை நீக்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பெயரால் அழைத்தல். கூறு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இது, பால் கேட்கும் சமையற்காரர், மூன்றாம் தட்டில் இடப்புறத்திலுள்ள பித்தளைச் செம்பைக் கொண்டுவா என்று சொல்வதை ஒக்கும். செம்பை இடம்மாற்றி வைத்தால் சமையல் கெடும். வேண்டியது பால், சொல்லப்பட்டதோ செம்பின் அடையாளம். இரண்டாவது வழி, கூறுகளுள் ஒன்றை முதன்மையானது என்று குறித்துவைத்தல். அடையின்றிக் கேட்போருக்கெல்லாம் அதுவே கொடுக்கப்படும். மூன்றாவது, பண்பைச் சொல்லிக் கேட்டல். ஆங்கிலத்திலே 'குவாலிஃபையர்' எனப்படுவது இதுவே. அடைமொழி என்ற பழஞ்சொல்லைவிட இதற்குப் பொருத்தமான தமிழ்ப்பெயரைத் தேடவேண்டியதில்லை.

ஜாவா மொழியிலே நிரலின் பக்கத்தில் இத்தகைய குறிப்புகளை முறையாக எழுதும் வசதி 2004இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்போடு ஏற்பட்டது. 2007 மார்ச்சிலே கூகிளிலிருந்து பொப் லீ வெளியிட்ட கைஸ் என்னும் சட்டகம் அவ்வசதியைக் கூறுகளைப் பிரித்தறியப் பயன்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த ஸ்பிறிங் 2.5 பதிப்பும் அடைக்குறிப்புகளை ஏற்றுக்கொண்டது. 2009இல் பொப் லீயும் றொட் ஜோன்சனும் சேர்ந்து முன்னின்று இரு சட்டகங்களுக்கும் பொதுவான நியமம் ஒன்றை உருவாக்கினர். அதே ஆண்டு திசெம்பரில் கவின் கிங்கின் தலைமையில் உருவான இன்னொரு நியமம் ஜாவாவின் பெருந்தொகுதியில் இடம்பெற்றது. அதனைச் சுருக்கமாக சி.டி.ஐ. என்பர்.

ஸ்பிறிங்கின் கையேட்டிலே பண்புகளால் பொருத்துதலை விளக்குதற்குத் திரைப்படப் பட்டியல்கள் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு பட்டியலுக்கும் இரண்டு பண்புகள் உண்டு. படம் சண்டைப்படமா, நகைச்சுவைப் படமா என்பது ஒன்று. அது வீடியோ நாடாவிலா, டிவிடி வட்டிலா, புளூரே வட்டிலா உள்ளது என்பது மற்றையது. நாடாவிலுள்ள நகைச்சுவைப் படங்களின் பட்டியல் வேண்டும் என்று ஒரு கூறு கேட்குமாயின், இரண்டு பண்புகளும் ஒத்துள்ள பட்டியலே கொடுக்கப்படும். ஒன்று ஒத்து மற்றையது ஒவ்வாததை, ஏறத்தாழச் சரி என்று கொள்கலன் கொடுத்துவிடாது. கேட்போன் பட்டியலின் தனிப்பெயரை அறியவேண்டியதில்லை. தன் தேவையின் இயல்பை அறிந்திருந்தாற் போதும். அடையாகக் கொடுக்கும் சொல், கூறின் தனிப்பெயரைத் திருப்பிச் சொல்லாது அதன் இயல்பை உணர்த்துவதாக இருத்தல் நன்று என்று அக்கையேடு அறிவுறுத்துவதும் மனங்கொளத்தக்கது.

அவ்வெடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பம் அடங்கியுள்ளது. படத்தின் வகை வெறும் சொல்லாக எழுதப்படுகின்றது. ஊடகமோ முன்னரே வரையறுக்கப்பட்ட மூன்றினுள் ஒன்றாக எழுதப்படுகின்றது. வெறும் சொல்லிலே எழுத்துப்பிழை நேர்ந்தால் மொழிமாற்றியாகிய கம்பைலர் அதனைப் பிழையென்று அறியாது. எச்சொல்லும் அதற்குச் சொல்லே. மென்பொருள் தொடங்கும்போது பொருந்துவது எதுவும் இல்லை என்று கொள்கலன் முறையிடும்போதே பிழை வெளியாகும். வரையறுத்த தொகுதியிலே பிழை நேர்ந்தால் நிரல் முதற்படியிலேயே நின்றுவிடும். பண்புகளை எவ்வளவு திட்டமாக முன்னரே வகுத்துக்கொள்கின்றோரோ, அவ்வளவு முன்னதாகத் தம் பிழையை அறிந்துகொள்வர்.

அடை எதுவும் எழுதாமல் கேட்டலை எவ்வாறு பொருள்கொள்வது என்பதிலே சட்டகங்கள் வேறுபடுகின்றன. ஸ்பிறிங்கிலே அடையின்றிக் கேட்டால் அவ்வினத்தைச் சேர்ந்த எல்லாமே தகுதியுடையன. அடைபெற்றனவும் அவற்றுள் அடங்கும். சி.டி.ஐ. நியமத்திலோ, அடையின்மையும் ஓர் அடையாகவே கொள்ளப்படுகின்றது. 'டிஃபோல்ட்' எனப்படும் இயல்புநிலை அடை, கேட்கும் இடத்திற்கும் கூறுக்கும் தானாகவே சூட்டப்படும். பண்புணர்த்தும் அடையொன்று கூறுக்குச் சூட்டப்பட்டதும் இயல்புநிலை அடை நீங்கிவிடும். அக்கூறு பொதுக்கூட்டத்திலிருந்து விலகித் தன் பண்பைச் சொல்லிக் கேட்போருக்கு மாத்திரம் கிடைப்பதாகும். முதலாவது முறையிலே பால் என்னும் சொல் எல்லாப் பாலையும் தழுவிநிற்கின்றது. இரண்டாவது முறையிலே அது, அடைபெறாத வெறும் பாலை மாத்திரம் குறிக்கின்றது. பேச்சுவழக்கிலே இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. பிணக்குகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இவையெல்லாம் நிரலாளரின் மேசையோடு அமைந்துவிடும் நுட்பங்கள் என்று கருதுவோர் உளராயின், அவர்கள் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம்.

வடபகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலே தமையன் கொழும்பில் மென்பொருள் எழுதுபவன்; தங்கை தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். தமையன் பணியாற்றிய இடத்தில், கிளினிக்குக்கு வரவேண்டிய நாளை நோயாளருக்குக் கைத்தொலைபேசியில் நினைவூட்டும் மென்பொருளொன்று உருவாகியிருந்தது. தொடக்கத்திலே செய்தி எழுதும் கூறு ஒன்றே இருந்தது. அது சிங்களத்தில் எழுதியது. இனம் வேறில்லாமையால் அடையும் வேண்டப்படவில்லை. பின்னர் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் தனித்தனிக் கூறுகள் சேர்க்கப்பட்டன. ஒரே கூறு மும்மொழிக்கும் போதாதோ என்று வினவலாம். ஆங்கில எழுத்துகளாயின் குறுஞ்செய்தியொன்றில் 160 வரை அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதும்போது அவ்வெல்லை 70 ஆகக் குறைந்துவிடும். தமிழிலே மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இடம் மேலும் சுருங்கும். ஆகவே சொல்லும் முறையும் சுருக்கும் முறையும் மொழிக்கு மொழி வேறுபடவேண்டியிருந்தன.

ஓரினத்தில் மூன்று கூறுகள் ஏற்பட்டதும் கொள்கலன் தன் கடமையைச் செய்தது, தொடங்க மறுத்தது. கையளிக்கவேண்டிய நாள் நெருங்கியிருந்தமையால், பழைய கூறாகிய சிங்களக் கூறை முதன்மையானது என்று ஒருவர் குறித்துவிட்டார். மறுகணமே எல்லாம் இயங்கின. நினைவூட்டும் பகுதியிலே மும்மொழிக்கும் மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. சிங்களத்திற்கும் ஆங்கிலத்திற்கும் உரிய இடங்களில் அடை எழுதப்பட்டிருந்தது. தமிழுக்குரிய இடத்தில் அது விடுபட்டிருந்தது. அவ்விடத்தின் பெயரிலே தமிழ் என்னும் சொல் இருந்தது உண்மையே. ஆயினும் அடையில்லாதபோது கொள்கலன் பெயரை நோக்குமுன் முதன்மையையே நோக்கும். ஆகவே தமிழ் என்று பெயரிடப்பட்ட இடத்தில் சிங்களக் கூறு வந்து அமர்ந்தது. பிழை அறிவிப்பு எதுவும் எழவில்லை.

அவர்களுடைய அம்மம்மா நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர். தமக்கு வந்த செய்தியை வாசிக்கவியலாது, கடை விளம்பரமாக இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டார். கிளினிக் நாளும் கடந்துபோயிற்று, மருந்தும் முடிந்துபோயிற்று. விடுமுறைக்கு வந்த தங்கையே அச்செய்தியைக் கண்டு தமையனுக்குத் தொலைபேசியிற் சொன்னாள்.

"அண்ணா, அம்மம்மாவைத் தமிழ் எண்டுதானே பதிஞ்சு வைச்சிருக்கு? மெசேச் சிங்களத்திலை வந்திருக்கு. அவ என்னெண்டு வாசிக்கிறது?"

"அப்பிடி வர ஏலாது தங்கச்சி. நான் இப்பதான் பாத்தனான். சிஸ்டம் ஒரு பிழையும் காட்டேல்லை. எல்லா மெசேச்சும் போயிருக்கு."

"போனது சரி. ஆருக்கு விளங்கினது எண்டு ஆர் பாக்கிறது?"

தமையன் அன்றிரவே நிரலைப் பரிசோதித்து விடுபட்ட அடையைக் கண்டுகொண்டான். அவ்வோரிடத்தில் அடையை எழுதிவிட்டால் போதுமாயிருந்தது. அவனோ முதன்மைக் குறிப்பையே நீக்கினான். மென்பொருள் மீண்டும் தொடங்க மறுத்தது. மறுப்புக்குக் காரணமாயிருந்த இடத்தைத் திருத்தியதும் இன்னோரிடம் வெளிப்பட்டது, அதன்பின் மற்றுமொன்று. இவ்வாறு ஒவ்வொன்றாக, இதுவரை முதன்மையின் நிழலிலே மறைந்துகிடந்த இடங்கள் அனைத்தும் தம்மை வெளிக்காட்டின. ஒவ்வோரிடத்திற்கும் என்ன மொழி, குறுஞ்செய்தியா மின்னஞ்சலா என்னும் இரண்டு பண்புகளையும் எழுதவேண்டியிருந்தது. மொழியை வெறும் சொல்லாக விடாமல், மூன்றினுள் ஒன்றாக வரையறுத்துக்கொண்டான். விளக்கத்தைக் கேட்ட தங்கை, இது இனமுள்ள அடைமொழியின் விதியேயன்றி வேறன்று என்று கூறி, தன் பாடக்குறிப்புகளில் அப்பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் பாடசாலை நாள்களில் அதனைப் படித்திருந்தான். பயன்படும் என்று அவனுக்கு அன்று எவரும் சொல்லவில்லை.

இந்நிகழ்ச்சியில் எவரும் தீமை செய்ய எண்ணவில்லை என்பதை நோக்குதல் வேண்டும். முதன்மைக் குறிப்பை எழுதியவர் தமிழ் வாசிப்போரை ஒதுக்க எண்ணினாரல்லர். அவருக்கு வேண்டியிருந்தது மென்பொருள் தொடங்குவது மாத்திரமே. ஆயினும் விளைவு ஒதுக்கியதன் விளைவாகவே இருந்தது. முதன்மை என்பது, சொல்லாதபோதெல்லாம் செயற்படும் தெரிவு. அது பெரும்பான்மையோருக்குப் பொருந்தி வருவதால் அதனைப் பிழையென்று காண்பவரின் தொகை சிறிதாகவே இருக்கும். அச்சிறு தொகையினருக்கோ தமக்கு வரவேண்டியது வரவில்லை என்பதை அறியவும் வழியில்லை. தொடங்க மறுக்கும் கொள்கலன் நிரலாளரின் ஓரிரவைக் கெடுக்கின்றது. ஊகித்துக் கொடுக்கும் ஏற்பாடோ கேள்வி கேட்கவியலாத ஒருவரின் ஒரு மாத மருந்தைக் கெடுக்கின்றது. முதன்மைக் குறிப்புக்கு எவ்விடத்தும் இடமில்லை என்பது இதன் கருத்தன்று. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக நின்றால் எவருக்கும் இழப்பில்லாத இடத்திலே அது நல்ல வசதியே. மொழி அத்தகைய இடமன்று.

அடைமொழியை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடவும் இயலாது. கொள்கலன் ஒப்பிடுவது சீட்டுகளை. சீட்டு ஒட்டப்பட்ட பாத்திரத்தை அது திறந்து பார்ப்பதில்லை. தமிழ் என்று அடை சூட்டப்பட்ட கூறு, எழுத்துருக் குழப்பத்தால் வெறும் கேள்விக்குறிகளை அனுப்பினாலும், கொள்கலனைப் பொறுத்தவரையில் அது தமிழ்க் கூறே. கேட்கும் இடத்தில் எழுதப்பட்ட சொல்லும் கொடுக்கும் இடத்தில் எழுதப்பட்ட சொல்லும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே அதன் வினா. அச்சொல் உண்மையா என்பது அதனை எழுதியவரின் பொறுப்பு. சீட்டின் எழுத்து எத்துணை இறுக்கமாக நோக்கப்படுகின்றது என்பதற்கு 2020இல் நிகழ்ந்த மாற்றம் ஒரு சான்று. ஜாவாவின் பெருந்தொகுதி ஒறக்கிள் நிறுவனத்திடமிருந்து எக்லிப்ஸ் நிறுவகத்திற்குக் கைமாறியபின், பழைய 'ஜாவாக்ஸ்' என்னும் பெயரை வைத்துக்கொண்டு அதனை மேலும் வளர்ப்பதற்கு உரிமை கிடைக்கவில்லை. ஆகவே ஜகார்த்தா ஈ.ஈ. 9ஆம் பதிப்பிலே பெயரின் முற்பகுதி ஜகார்த்தா என மாற்றப்பட்டது. அடையின் பொருளிலே மாற்றம் எதுவும் இல்லை. ஆயினும் புதிய பெயரை மாத்திரம் அறிந்த கொள்கலனுக்குப் பழைய பெயரால் எழுதப்பட்ட அடை வெறும் எழுத்தாகிவிட்டது. பொருளை உணர்வோனுக்கும் சொல்லை ஒப்பிடுவோனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மறுபுறத்திலே, அடையின் பயனைக் கண்டவர்கள் எல்லாவற்றிற்கும் அடை சூட்ட முற்படுவதும் உண்டு. ஒரே கூறு உள்ள இடத்தில் இரண்டு மூன்று பண்புகளை எழுதிவைப்பின், அவை விலக்குவதற்கு எதுவும் இல்லை. பின்வரும் வாசகன் மற்றையவை எங்கே என்று வீணே தேடுவான். செஞ்ஞாயிறு என்று கேட்டவன் கருஞாயிறு எங்கே என்று தேடுவதை ஒத்தது இது. இனமில்லா அடையைச் செய்யுளுக்கு ஒதுக்கிய பழைய வரையறை இவ்விடத்தில் நல்ல நிரலாளனின் அறிவுரையாகவும் அமைகின்றது. இரண்டாவது கூறு வந்து சேரும் நாளே அடையை எழுதவேண்டிய நாள். அந்நாளில் முன்னிருந்த ஒன்றுக்கும் அடை சூட்டப்படவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெண்டாமரையைக் கண்ட பின்னர், முன்னர் தாமரை என்று மாத்திரம் அழைக்கப்பட்டதும் செந்தாமரையாகவேண்டும். புதிதாய் வந்ததற்கு மாத்திரம் அடையைச் சூட்டிப் பழையதை அடையின்றி விடுதல், பழையதே இயல்பானது, புதியது விலக்கானது என்னும் எண்ணத்தை மறைவாக நிலைநாட்டுகின்றது.

இலங்கையின் சட்டப்புத்தகத்திலும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. 1956இல் ஒரு மொழி மாத்திரமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே தமிழ் தேசிய மொழியென்னும் அடையைப் பெற்றது. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியொன்று என்று உரைத்தது. ஓர் உம்மையால் சேர்க்கப்பட்டது அம்மொழி. சேர்க்கப்பட்டது மெய்யே, ஆயினும் சீட்டு எழுதப்படுதல் ஒன்று, கேட்கும் ஒவ்வோரிடத்திலும் அச்சீட்டின்படி கொடுக்கப்படுதல் மற்றொன்று. அலுவலகப் படிவமொன்றை வாசிக்கவியலாது பிறர் கையை எதிர்பார்த்து நின்றோருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

அடைமொழி எழுதுவோன் இரண்டு பொறுப்புகளை ஏற்கின்றான். கேட்கும் இடத்திலே தன் தேவையை ஐயமறச் சொல்லுதல் ஒன்று. கொடுக்கும் இடத்திலே சூட்டிய பெயருக்கு ஏற்ப நடத்தல் மற்றையது. இவ்விரண்டையும் எழுதுவோர் மனிதரே. இயந்திரம் நடுவில் நின்று இரு சொற்களையும் ஒப்பிடுகின்றது, ஒவ்வாதபோது மறுக்கின்றது. அம்மறுப்பைத் தொல்லையென்று கருதி, விரைவில் அடக்கிவிடக்கூடிய வழியைத் தேடுவோர், தாம் எழுதத் தவறிய சொல் எவருடைய கைக்குப் போய்ச் சேரவேண்டியதாயிருந்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. நிரலிலே அச்சொல் ஒரு வரிதான்.